பெங்களூரில் இருந்துகொண்டே, 150 வருஷத்துக்கு முன் ஊரில் விவசாயம் செய்த முன்னோரைப் பற்றித் தேட முடியுமா?

முடியும். ஆனால் பெயரை வைத்துத் தொடங்காதீர்கள், நிலத்தை வைத்துத் தொடங்குங்கள். பெயரைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷத்தைக் கோட்டை விட்டவன் நான்.

எங்களுக்குப் பூர்வீகம் ஊத்தங்கரைப் பக்கம். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கத்தால் என் தாத்தாவுக்கும் எள்ளுத்தாத்தாவுக்கும் ஒரே பெயர். பங்காளி வீடுகளிலும் அதே பெயர்தான். காகிதத்தில் பெயர் கிடைத்தாலும் ஆள் யாரென்று தெரியாது. சென்சஸில் பாருங்கள் என்பார்கள். 1871-இல் சென்னை மாகாணத்தில் கணக்கெடுத்தார்கள்தான், ஆனால் இன்று கிடைப்பது மொத்தக் கணக்கு மட்டும். வீடு வீடாக எழுதிய தாள்களை வைத்திருக்கவில்லை.

நிலத்தின் கதை வேறு. 1792-இல், எங்கள் ஊத்தங்கரையும் சேர்ந்த பாராமகால் பகுதி திப்புவிடமிருந்து கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கைக்குப் போனதும், கும்பினி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் அங்கேதான் வயல் வயலாக அளந்து குடியானவன் பெயரிலேயே தீர்வை போட ஆரம்பித்தார்கள். வரி வசூலுக்கு எழுதியது இன்று நமக்கு உதவுகிறது. (உங்கள் ஊர் மிட்டாவாகவோ (ஜமீன் மாதிரி ஒரு மிட்டாதாரின் கையில் இருந்த ஊர்) இனாமாகவோ (மானியமாகக் கொடுத்த ஊர்) இருந்திருந்தால் கொஞ்சம் சிரமம். கணக்கெல்லாம் மிட்டாதார் வீட்டோடு போயிருக்கலாம்.)

முதலில் இன்றைய பட்டாவில் உள்ள புல எண்ணை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். அதில் பழைய புல எண், 'மண் வயனமும் ரகமும்', தீர்வை எல்லாம் இருக்கும். பழைய எண் கிடைத்தால், அந்தக் காலத்தில் தீர்வை நிர்ணயித்து எழுதிய செட்டில்மெண்ட் ரிஜிஸ்தரைத் தேடலாம். அதற்குக் கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமுக்கோ எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ லீவு போட்டுப் போகத்தான் வேண்டும். நான் போன ஒரு ஆபீஸில் கறையான் தின்றுவிட்டது என்று கையை விரித்தார்கள். 1980-இல் கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) பதவியை ஒழித்தபோது சில கணக்குகள் அந்தந்தக் கர்ணம் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

எனக்குக் கை கொடுத்தது சித்தப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்த ஒரு அடமானப் பத்திரம். தாது வருஷம் மார்கழி மாதம் எழுதியது. அதாவது 1876 கடைசி, வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் பஞ்சம் இறங்கிய நேரம். எள்ளுத்தாத்தா பெயருள்ள ஒருவர், புஞ்சையோடு, கவலை இறைக்கிற (மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற) கிணற்றில் நாலில் ஒரு பங்கையும் மாவடை மரவடையோடு (நிலத்தில் உள்ள மரங்களோடு) வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். தொகை ௩௰௫ என்று இருந்தது. மூவாயிரத்து நூற்றைந்து ரூபாய் என்று படித்துவிட்டு, அந்தக் காலத்திலேயே பெரிய கைதான் என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டேன். அல்சூர் தமிழ்ச் சங்கத்துக்குப் பேப்பர் படிக்க வரும் ஒரு ரிடையர்டு வாத்தியார்தான் சிரித்துக்கொண்டே திருத்தினார். நடுவில் இருப்பது பத்துக்கான குறி. மூன்று பத்து, ஐந்து. வெறும் முப்பத்தைந்து ரூபாய்.

அந்தப் பெயரில் மூன்று பங்காளிகள் இருந்திருக்க, இது எங்கள் ஆள்தான் என்று எப்படிச் சொல்வது? பத்திரத்தில் இருந்த செக்குபந்திதான் (நிலத்தின் நாலு பக்க எல்லை விவரம்) சொன்னது. கிழக்கே பாட்டை, தெற்கே ஓடை, வடக்கே கோயில் மானியம். சித்தப்பாவோடு போய் நின்று பார்த்தேன். பாட்டை தார் ரோடாகிவிட்டது, ஓடையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நாங்கள் இன்றும் உழுகிற அதே துண்டு.

கையெழுத்து போடும் இடத்தில் எழுத்தர் அவர் பெயரை எழுதி, நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார். அதில் கோணலாக ஒரு பெருக்கல் குறி, ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. பேனாவை அழுத்தியதில் காகிதம் லேசாகக் கிழிந்திருக்கிறது.

பத்திரத்தின் பின்பக்கத்தைப் பார்க்க மறக்காதீர்கள். எங்களுடையதில் சித்திரபானு வருஷம், அதாவது 1882-83-இல், கடன் தீர்ந்ததற்கு வரவு எழுதியிருக்கிறது. பணம் கட்டியவர் 'காலஞ்சென்ற' இன்னார் குமாரன். ஆக, அந்த ஆறு வருஷத்துக்குள் எப்போதோ அவர் போய்விட்டார். பஞ்சத்திலா, அதைத் தாண்டியா என்பதற்கு வேறு காகிதம் இல்லை.

அன்று ராத்திரியே அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, வட்டி எவ்வளவு போட்டானாம்?" என்றார்.