பிரெஞ்சு வீட்டில் கடைசி வாரம்: கேள்வி பதில்

பிரான்ஸுக்குப் படிக்க வரும் மாணவர்களை உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கவைக்கும் வேலை எனக்கு. வீட்டைக் காலிசெய்து கிளம்பும் கடைசி நாட்களைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். சொன்னால் யார் கேட்கிறார்கள்! கேட்டவர்களை அவர்கள் தங்கியிருக்கும் ஊர்ப் பெயரால் குறித்து, வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள்.

டூர் மாணவி: அக்கா, கிளம்பும்போது வீட்டுக்காரர்களுக்கு என்ன பரிசு கொடுக்கலாம்? பூங்கொத்து போதுமா?

போதும். ஆனால் சாமந்தி மட்டும் வேண்டாம். நமக்கு அது பூஜைப் பூ. இங்கே நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாளை ஒட்டிக் கல்லறைக்குக் கொண்டுபோகும் பூ. அக்டோபர் கடைசியில் பூக்கடை வாசலெல்லாம் தொட்டி தொட்டியாக அழகாக அடுக்கியிருப்பார்கள், விலையும் மலிவு. பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சிவப்பு ரோஜாவும் வேண்டாம், அது காதலர் சமாச்சாரம்.

பூ தவிர என்றால், ஊரிலிருந்து வரும்போதே கொண்டுவந்த பொருள் ஏதாவது மிச்சமிருந்தால் அதுதான் முதல் தேர்வு. டபரா செட், நல்ல ஏலக்காய், கைத்தறித் துண்டு. எதுவும் இல்லையா? அவர்களோடு எடுத்த நல்ல படம் ஒன்றை அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுங்கள். கூடவே கையால் எழுதிய கடிதம். பிழையான பிரெஞ்சு பரவாயில்லை. மொழிபெயர்ப்புச் செயலி எழுதிக் கொடுத்த கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இத்தனை மாதம் சாப்பாட்டு மேஜையில் உங்கள் பிரெஞ்சைத் திருத்தியவர்கள் அவர்கள்தானே?

லியோன் மாணவர்: அடுத்த வாரம் கிளம்புகிறேன். அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும்? எதை முதலில் முடிக்க வேண்டும்?

பள்ளி வழியாகத் தங்கியவர் என்றால் பள்ளி ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். வீட்டுக்காரரோடு நேரடியாகக் குத்தகை எழுதி, அறையையே முழுநேர வீடாக வைத்திருந்தவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. சாவியைக் கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் பணம் திரும்ப வேண்டும். அறையில் சேதம் இருந்து பிடித்தம் செய்வதானால் இரண்டு மாதம் வரை இழுக்கலாம். எந்த வழியானாலும் நீங்கள் ஊர்போய்ச் சேர்ந்த பிறகுதான் பணம் வரும். அதனால்தான் கணக்கை மூடாதே என்று கத்துகிறேன். குடும்ப உதவித்தொகை அலுவலகமான காஃபிலிருந்து (CAF) வாடகை உதவித்தொகை ஏதாவது வர வேண்டியிருந்தால் அதுவும் அந்தக் கணக்குக்குத்தான் வரும்.

வரிசை இதுதான். முதலில் காஃபுக்குக் காலிசெய்யும் தேதியைத் தெரிவியுங்கள். விட்டுவிட்டால் கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரும். அடுத்து மருத்துவக் காப்பீட்டு அலுவலகம்: நிரந்தரமாகப் போகிறீர்கள் என்று சொல்லி, பச்சை நிற கார்த் விதால் அட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அது நினைவுப் பொருள் இல்லை. அப்புறம் போன் இணைப்பு. 2023 ஜூன் முதல் இணையத்தில் மூன்று சொடுக்கில் ரத்துசெய்யும் வசதி கட்டாயம் என்பதால் அது எளிது. ஆனால் வங்கியின் சரிபார்ப்பு எண் அந்தப் போனுக்குத்தான் வரும், அதையும் யோசித்து ரத்துசெய்யுங்கள். கடைசியாக, எல்லாப் பணமும் வந்த பிறகு வங்கி. கணக்கை மூடக் கட்டணம் கிடையாது, ஊரிலிருந்தே கடிதம் அனுப்பி மூடலாம்.

தபால்பெட்டியில் ஒட்டிய உங்கள் பெயர்ச் சீட்டைக் கிழித்துவிட்டுப் போங்கள். வருடக்கணக்கில் உங்கள் கடிதங்களைச் சேர்த்துவைக்கும் தண்டனை வீட்டம்மாவுக்கு வேண்டாம்.

பாரிஸ் மாணவர்: படிப்பு முடிந்தபின் வேலை தேட இங்கேயே தங்க அனுமதி எப்படி வாங்குவது?

என் பிரிவு இல்லை தம்பி. உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். கையில் உள்ள வதிவிட அட்டை காலாவதியாகும் முன் கேளுங்கள்.

விஷி மாணவி: கடைசி ஞாயிறு அவர்களுக்கு நம் சமையல் செய்து போடலாம் என்று ஆசை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

இப்படிக் கேளுங்கள், மணிக்கணக்கில் பேசுவேன்!

முதலில் அனுமதி. சமையலறை வீட்டம்மாவின் ராஜ்ஜியம். ஒரு வாரம் முன்பே கேட்டு, எத்தனை பேர், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுப்பைப் பாருங்கள். இண்டக்ஷன் என்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியச் சட்டி சூடே ஏறாது. அடியில் காந்தம் ஒட்டினால்தான் அந்தப் பாத்திரம் வேலை செய்யும்.

இலை போட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரிமாறும் நம் வழக்கம் அவர்களுக்குத் திகைப்பாக இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவாருங்கள். அப்பெரோ நேரத்தில், அதாவது சாப்பாட்டுக்கு முன் பானத்தோடு கொறிக்கும் நேரத்தில், சின்னச் சின்ன வடை. மேஜைக்கு வந்ததும் ரசத்தைக் கோப்பையில் சூப்பாக. அப்புறம் எலுமிச்சை சாதம், காரம் குறைத்த கூட்டு, ஒரு வறுவல். இனிப்புக்கு முன் பாலாடைக்கட்டி சாப்பிடும் வழக்கப்படி, அதை எடுக்கலாமா என்று அவர்களே பார்ப்பார்கள், எடுக்கட்டும், அது அவர்கள் வீடு. கடைசியில் பாயசம், ஆறவைத்து. கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரியாதைக்காக அதையும் மென்று விழுங்கிய தாத்தா ஒருவரை எனக்குத் தெரியும். பாரிஸில் இருப்பவர்களுக்கு லா ஷப்பேல் பக்கத்து ஈழத்தமிழர் கடைகளில் எல்லாம் கிடைக்கும். மற்ற ஊர்களில் ஆசியக் கடையில் தேடிப்பாருங்கள்.

வடை சுடும்போது சமையலறைக் கதவை மூடி, ஜன்னலைத் திறந்துவையுங்கள். எண்ணெய் வாடை வரவேற்பறைத் திரைச்சீலையில் ஏறினால் அடுத்த மாதம்வரை உங்கள் ஞாபகம்தான். வெள்ளை மேடையில் மஞ்சள் கறை பட்டால் உடனே துடையுங்கள். பிளாஸ்டிக் வெட்டுப்பலகையில் பட்டால் கழுவி வெயிலில் வையுங்கள், மஞ்சள் வெயிலுக்கு வெளுத்துவிடும். பாத்திரம் தேய்ப்பது உங்கள் பொறுப்பு. "வேண்டாம், விடு" என்பார்கள். விடாதீர்கள்.

ரென் மாணவர்: குளியலறைக் கண்ணாடித் தடுப்பில் விரிசல் விழுந்துவிட்டது. அவர்கள் இன்னும் கவனிக்கவில்லை. சொல்லாமல் போய்விட்டால் என்ன ஆகும்?

நீங்கள் போன மறுநாள் கவனிப்பார்கள், அப்புறம் எனக்குப் போன் வரும். இன்றே சொல்லுங்கள். வீட்டில் சேரும்போது பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் ஒன்று கொடுத்தீர்களே, அது இதற்குத்தான். காப்பீட்டு நிறுவனத்துக்கு 5 வேலைநாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். தங்கியிருக்கும் வீட்டின் பொருட்களைச் சில பாலிசிகள் சேர்க்காது, வாசித்துப் பாருங்கள். கண்ணாடி உடைந்ததற்காக எந்த வீட்டுக்காரரும் மாணவரை வெறுத்து நான் பார்த்ததில்லை. மறைத்ததற்காகப் பார்த்திருக்கிறேன்.

அஞ்ஜே மாணவி: என்ன பரிசு கொடுக்கலாம் அக்கா?

மேலே டூர் மாணவிக்குச் சொன்னதுதான்.

பெசன்சோன் மாணவர்: எல்லாரும் பரிசு, விருந்து என்கிறீர்கள். மாதாமாதம் பணம் கட்டித்தானே தங்கினோம்? குளிர்காலம் முழுக்க ஹீட்டரை 19 டிகிரிக்கு மேல் ஏற்ற விடவில்லை. குளிக்கும்போது கதவைத் தட்டினார்கள். இதற்கு நான் நன்றிக் கடிதம் வேறு எழுத வேண்டுமா?

கடிதம் எழுதச் சொல்லி எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டையும் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டு ஊர்போக வேண்டாம். வீடுகளுக்கு 19 டிகிரி என்பது இந்நாட்டு எரிசக்திச் சட்டத்திலேயே இருக்கிற அளவு. அவர்களும் அதே 19-ல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். வெந்நீர் விஷயம் இன்னும் எளிது. பல வீடுகளில் வெந்நீர்த் தொட்டி மின்கட்டணம் குறைந்த இரவு நேரத்தில்தான் சூடேறும். நீங்கள் அரைமணி நேரம் குளித்தால் தொட்டி காலி, உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். கதவைத் தட்டாமல் என்ன செய்வார்கள்?

மொன்பெலியே மாணவி: குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எனக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தபோது வீட்டுக்காரர்தான் காரில் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போய் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அதுவும் மாதக் கட்டணத்தில் அடக்கமா?

பெசன்சோன் மாணவர்: நல்ல வீடு கிடைத்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அரை உணவுத் திட்டத்துக்குக் காசு கட்டிய எனக்கு வாரத்தில் பாதிநாள் உறைந்த பீட்சா. அவர்கள் மட்டும் பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? ஹீட்டர் வேறு, இது வேறு. காலையும் இரவும் சாப்பாடு என்று பணம் வாங்கினால் வீட்டோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு என்றுதான் பள்ளிகள் எதிர்பார்க்கின்றன. கிளம்பும் முன் பள்ளியின் தங்குமிடப் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். தேதி, என்ன சாப்பாடு, யார் எங்கே சாப்பிட்டார்கள் என்று மட்டும். திட்ட வேண்டாம். ஊருக்குப் போய் எழுதுகிற புகாரை யாரும் தீவிரமாக எடுப்பதில்லை. எழுதாமலே போய்விட்டால் செப்டம்பரில் அதே அறைக்கு இன்னொரு பிள்ளை வரும், அதே பீட்சாவுக்கு.

லியோன் மாணவர் மறுபடியும்: அப்படியானால் பரிசு கொடுக்காவிட்டால் தப்பில்லை என்கிறீர்களா?

தப்பில்லை. கட்டணம் அறைக்கும் சாப்பாட்டுக்கும். அதைச் சரியாகச் செய்தவருக்குப் பரிசுக் கடன் எதுவும் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் இல்லாத எதையாவது செய்த வீடு என்றால், அது நள்ளிரவுக் கார் பயணமாக இருந்தாலும் சரி, பாட்டி வீட்டு ஞாயிறு விருந்துக்குக் கூட்டிப்போனதாக இருந்தாலும் சரி, வெறுங்கையோடு போகாதீர்கள். எப்படிப்பட்ட வீடானாலும் செய்ய வேண்டியது சில உண்டு. படுக்கை விரிப்புகளை உருவி எங்கே போட வேண்டும் என்று கேட்டுப் போடுங்கள். ஷவர் கண்ணாடியில் படிந்த சுண்ணாம்பை வெள்ளை வினிகரால் துடையுங்கள், வடிகாலில் சிக்கிய முடியை எடுங்கள். சாவியை மேஜையில் வைத்துவிட்டு நழுவாமல் கையில் கொடுங்கள். இதற்கெல்லாம் அன்பு தேவையில்லை, பழக்கம் போதும்.

இந்த வாதத்தை இத்தோடு நிறுத்துகிறேன். இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

நாந்த் மாணவி: பரிசாக வைன் பாட்டில்?

மறுபடியும் பரிசா! சரி. வைன் வேண்டாம். அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்த விஷயத்தில் ஏன் தேர்வு எழுதுகிறீர்கள்? நல்ல சாக்லேட் வாங்குங்கள்.

கிரெனோபிள் மாணவர்: விடைபெறும்போது கன்னத்தோடு கன்னம் வைக்க வேண்டுமா? எத்தனை தடவை?

அவர்கள் முன்னால் குனிந்தால் நீங்களும். கை நீட்டினால் கை. எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும், பாரிஸில் இரண்டு, மொன்பெலியே பக்கம் மூன்று. மூக்கு இடித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: நான் வேறிடம் போகிறேன். வதிவிட அட்டை புதுப்பிக்க, இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன் என்று வீட்டம்மாவிடம் ஒரு கடிதம் வாங்கலாமா?

கூடவே கூடாது. பொய்ச் சான்று கொடுத்தால் 1 ஆண்டு சிறை, 15,000 யூரோ அபராதம். வதிவிட அட்டை வாங்குவதற்காக என்றால் அது 3 ஆண்டும் 45,000 யூரோவும் ஆகும். உங்களுக்குச் சோறு போட்டவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

டிஜோன் மாணவி: கமெம்பேர் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். கைப்பையில் வைக்கலாமா?

மென்மையான பாலாடைக்கட்டி பாதுகாப்புச் சோதனையில் பசை வகையில் சேரும். 100 மில்லி விதிக்கு மேல் என்றால் பிடுங்கிவிடுவார்கள். பெரிய பெட்டியில், துணிக்கு நடுவே, மூன்று சுற்று பிளாஸ்டிக் உறை போட்டு வையுங்கள். முடிந்தால் இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.

லீல் மாணவர்: நாளை வங்கிக் கணக்கை மூடப் போகிறேன், என்ன ஆவணம் வேண்டும்?

மேலே உள்ள எதையாவது படித்தீர்களா?

டூர் மாணவி: கடைசியாக ஒன்று. ஊருக்குப் போனபின் எப்போது எழுதுவது? நான் கிளம்பும் நாள் ஆகஸ்ட் 15.

போய்ச் சேர்ந்ததும் ஒரு குறுஞ்செய்தி. அப்புறம் புத்தாண்டு வாழ்த்து. ஜனவரி 31 வரை அனுப்பினாலும் இங்கே தாமதமில்லை, தபால் அட்டையாக அனுப்பினால் ஃபிரிட்ஜில் ஒட்டிவைப்பார்கள்.

ஆகஸ்ட் 15 அரசு விடுமுறை. பேருந்துகள் ஞாயிறு அட்டவணைப்படிதான் ஓடும், சில தடங்களில் ஓடவே ஓடாது. வீட்டுக்காரர்கள் அந்த வாரம் கடற்கரைக்குப் போயிருந்தால் நிலையத்தில் கொண்டுவிடவும் ஆள் இருக்காது. சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்று இன்றே கேட்டு வையுங்கள், டாக்ஸியையும் இன்றே பதிவுசெய்யுங்கள்.