பழைய வேட்டியும் புதிய தோர்த்தும்: பிள்ளைத் துணி பற்றிய கேள்வி பதில்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): அம்மா, எனக்கு இது எட்டாம் மாதம். டயப்பர் செலவைக் குறைக்க வீட்டிலேயே நாப்பி தைக்க எண்ணியிருக்கிறேன். எந்தத் துணியில், எத்தனை தைக்க வேண்டும்?

பதில்: முதலில் வீட்டிலுள்ள பழைய பருத்தி வேட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள்; பலமுறை துவைத்துக் கஞ்சி முழுவதும் போன துணிதான் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், பிள்ளையின் தோலையும் உரசாது. அது போதாவிட்டால் தோர்த்து என்னும் மெல்லிய பருத்தித் துண்டு வாங்கலாம். நெருக்கமில்லாத நெசவு என்பதால் அது விரைவில் காயும். ஆனால் புதிய தோர்த்தை வெட்டும் முன் மூன்று நான்கு முறை வெந்நீரில் துவைத்து உலர்த்திவிடுங்கள். கஞ்சியும் பருத்தியின் இயல்பான மெழுகும் நீங்கும், சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும். பிறகு 27 அங்குலச் சதுரங்களாக வெட்டி, நான்கு ஓரங்களையும் மடித்துத் தைத்தால் போதும்.

ஆறேழு அடுக்கு வைத்துத் தைத்த தடித்த நாப்பியைப் பலரும் விரும்புகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் அடுக்குகளின் நடுப்பகுதி காயாமல் வாடை வீசும். ஒற்றைச் சதுரமோ கட்டும்போது மடிப்பால் தடிமனாகி, கொடியில் விரித்ததும் மீண்டும் மெல்லியதாகிவிடும். பிறந்த குழந்தை ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை நனைக்கும் என்பதால், தினமும் துவைப்பவருக்கு 24 சதுரங்கள், மழைக்காலத்தில் 36 வரை தேவைப்படும். அலசும் நீரில் வாசனைத் திரவம் சேர்க்க வேண்டாம். அது இழைகளின்மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும். வெளியூர்ப் பயணத்துக்குக் கடை டயப்பரையே வைத்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை.

கேள்வி (சித்தூர்): மாமனாரின் வேட்டிகள் டிரங்குப் பெட்டியில் அந்துருண்டையோடு இருக்கின்றன. துவைத்துப் பயன்படுத்தலாமா?

பதில்: இதைக் கேட்டது மிகவும் நல்லது. அந்துருண்டையில் உள்ள நாஃப்தலீன், ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். அந்த உருண்டையோடு வைத்திருந்த துணிகளை உடுத்திய பச்சிளங்குழந்தைகளுக்கே இவ்வாறு நேர்ந்திருக்கிறது. அந்தக் குறைபாடு இருப்பது முன்கூட்டியே பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. ஆகவே அந்த வேட்டிகளைப் பெரியவர்களுக்கான துடைப்புத் துணியாக்கிவிட்டு, பிள்ளைக்கு வேறு துணி தேடுங்கள். பிள்ளைத் துணி வைக்கும் அலமாரியிலும் உருண்டை போடக் கூடாது.

கேள்வி (மீனாட்சிபுரம்): பேரனுக்குத் தலை உருண்டையாக அமையக் கடுகுத் தலையணை தைத்துத் தர விரும்புகிறேன். எவ்வளவு கடுகு போட வேண்டும்?

பதில்: அம்மா, உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது, ஆனாலும் தைக்க வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு வயது முடியும்வரை குழந்தையைத் தலையணை இல்லாமல், தட்டையான உறுதியான படுக்கையில் மல்லாந்து படுக்க வைப்பதே மருத்துவர்கள் சொல்லும் முறை. முகம் தலையணையில் புதைந்தால் மூச்சுத் திணறும், தையல் பிரிந்தால் கடுகு வாய்க்கும் மூக்குக்கும் போகும். தலை ஒரே பக்கம் தட்டையாகாமலிருக்க, விழித்திருக்கும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் அமர்ந்து சிறிது நேரம் குப்புறப் படுக்க வையுங்கள். தைக்கும் ஆசைக்கு ஜப்லா என்னும் பிள்ளைச் சட்டை இருக்கிறது: மெல்லிய மல் துணியில், தையல் விளிம்புகள் வெளிப்புறம் வருமாறு தைத்துக் கொடுங்கள்.

கேள்வி (வேலந்தாவளம்): ஐந்து மாதக் குழந்தையின் தந்தை நான். திருப்பூர்ப் பனியன் துணி மலிவாகக் கிடைத்தது. அம்மாவின் தையல் மிஷினில் தைத்தால் தையல் விட்டுவிட்டு விழுகிறது.

பதில்: மிஷினில் பழுது இல்லை, ஐயா. சாதாரண ஊசியின் கூர்முனை பின்னல் துணியின் இழையைக் குத்திவிடுகிறது. முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசியை மாற்றி, துணியை இழுக்காமல் அதன் போக்கில் விட்டுத் தையுங்கள்.

கேள்வி (கோவிந்தாபுரம்): உணவூட்டும்போது கழுத்தில் கட்டும் துணிக்கு நாடா நல்லதா, பட்டன் நல்லதா?

பதில்: இரண்டும் வேண்டாம். நாடா கழுத்தை இறுக்கலாம், பட்டன் பிய்ந்தால் குழந்தை விழுங்கிவிடும். இழுத்தால் உடனே பிரியும் வெல்க்ரோவைத் தைத்து, ஊட்டி முடித்ததும், தூங்க வைக்கும் முன், கட்டாயம் கழற்றிவிடுங்கள்.