என் கேள்வியை மூடிவிட்டார்கள், அம்மா!

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வயது 19. ஹாஸ்டலில் இருக்கிறேன். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். கம்ப்யூட்டரை ஒழுங்காகத் தொட்டதே கல்லூரிக்கு வந்த பிறகுதான். ஆனாலும் ப்ரோக்ராமிங் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. வகுப்பில் கற்றதைவிட இணையக் குழுக்களில் கேட்டும் படித்தும் கற்றதுதான் அதிகம். அதனால்தான் அங்கே நடந்ததை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

உலகம் முழுக்க ப்ரோக்ராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளும் பெரிய தளம் ஒன்று, பெயர் வேண்டாம். அதில் ஜாவா பற்றி ஒரு கேள்வி போட்டேன். மாணவர் பட்டியலிலிருந்து ஃபெயில் ஆனவர்களை நீக்கும் ப்ரோக்ராம். லூப் ஓடும்போது நீக்கினால் 'கன்கரண்ட் மாடிஃபிகேஷன் எக்செப்ஷன்' என்று வந்து நின்றுவிடுகிறது. மறுநாள் லேப் டெஸ்ட். 'அவசரம், என் ப்ரோக்ராம் ஓடவில்லை' என்று தலைப்பு வைத்து, முழு ப்ரோக்ராமையும் ஒட்டி, பிழையை மொபைலில் படம் பிடித்துப் போட்டேன். மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கேள்விக்கு மைனஸ் 4 ஓட்டு. 'ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று கேள்வியை மூடியும்விட்டார்கள். அவர்கள் காட்டிய பழைய கேள்வி, எண்கள் இருக்கும் லிஸ்ட்டைப் பற்றியது. என்னுடையது மாணவர் லிஸ்ட். இரண்டும் ஒன்றா?

கீழே ஒருவர், 'கேட்பதற்கு முன் தேடிப் பார்த்தாயா?' என்று எழுதியிருந்தார். நான் எழுதியிருந்த வணக்கத்தையும் நன்றியையும் வேறொருவர் வெட்டிவிட்டார். நன்றி சொல்வதுகூடக் குற்றமா அம்மா? என் ஆங்கிலத்தைப் பார்த்துத்தான் இளக்காரமாக நடத்துகிறார்களோ என்று தோன்றுகிறது.

டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் ஒரு சர்வரிலும் (குழுவிலும்) இதே கதைதான். புதிதாகப் படிப்பவர்களுக்கு நிறையப் பதில் சொல்வதால் எனக்கு 'ஹெல்ப்பர்' என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். என் பெயரே பச்சை நிறத்தில் தெரியும். வெளிநாட்டுக்காரர்கள் விழித்திருக்கும் நேரம் என்று இரவு 2 மணி வரை உட்கார்ந்து பதில் போடுவேன். இன்டர்னல் தேர்வு வந்ததால் கொஞ்ச நாள் போகவில்லை. திரும்பிப் போனால் பட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு உழைத்தவளுக்கு இதுதான் மரியாதையா?

கல்லூரியில் எனக்கு இப்படிப் பிரச்சினை எதுவும் இல்லை. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டதையே கேட்பார்கள்: ஜாவாவுக்கான ஜேடிகே மென்பொருளை எப்படிப் போடுவது, அது இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்குக் காட்டும் பாத் எப்படி செட் பண்ணுவது, ரெகார்டு எப்போது. 'மேலே ஸ்க்ரோல் பண்ணிப் பாரு' என்று போட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இப்போது யாரும் என்னைக் கேட்பதும் இல்லை, அதுவும் நிம்மதிதான். மினி ப்ராஜெக்ட்டுக்கு நான்கு நான்கு பேராகச் சேரச் சொன்னபோது நான் மட்டும் மிச்சமாக நின்றேன். மேடம்தான் மூன்று பேர் இருந்த ஒரு டீமில் என்னைச் சேர்த்துவிட்டார். அது பெரிய விஷயமில்லை, எப்படியும் கோட் முழுக்க நான்தான் எழுதப் போகிறேன். நான் சொல்ல வந்தது அந்தத் தளத்தைப் பற்றி.

அந்த மைனஸ் 4 இன்னும் என் கணக்கில் அப்படியே நிற்கிறது. கேள்வியை அழித்துவிடலாமா? வேறு பெயரில் புதுக் கணக்கு தொடங்கலாமா? அல்லது எல்லாவற்றையும் விட்டு விலகிவிடட்டுமா? இரவில் படுத்தால் தூக்கம் வரவில்லை. வழி சொல்லுங்கள் அம்மா.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத மகள்.

அன்பு மகளுக்கு,

தளத்தையும் சர்வரையும் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறாய். மினி ப்ராஜெக்ட்டைப் பற்றி ஓரிரண்டு வரி, கையோடு 'அது பெரிய விஷயமில்லை' என்று ஒரு முற்றுப்புள்ளி. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அதற்கு வருவதற்கு முன் தளத்தின் கதையை முடித்துவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே, அதில் நான் உன் பக்கம் இல்லை.

லிஸ்ட்டில் எண் இருந்தாலும் மாணவர் இருந்தாலும் ஜாவாவுக்கு ஒன்றுதான். ஒவ்வொருவராக எடுத்துப் பார்க்கும் ஃபார்-ஈச் லூப், அடுத்தவரை எடுத்துத் தரும் ஒரு இட்டரேட்டரை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு நகர்கிறது. லிஸ்ட் எத்தனை முறை மாறியது என்ற எண்ணிக்கையை அந்த இட்டரேட்டர் குறித்து வைத்திருக்கும். அதைத் தாண்டி நீ நேராக லிஸ்ட்டிலிருந்து ஒருவரை நீக்கினால் எண்ணிக்கை ஒத்துப்போகாது. அடுத்தவரை எடுக்கும்போது பிழை விழும். இட்டரேட்டரின் ரிமூவைப் பயன்படுத்தினால் சரியாகிவிடும். ஜாவா 8 முதல் இருக்கும் ரிமூவ்இஃப் என்றால் ஒரே வரியில் முடியும். அவர்கள் காட்டிய பழைய கேள்வி உன் பிழையைப் பற்றியதுதான். மூடிய கோபத்தில் நீ அதன் பதில்களைப் படிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

அங்கே நீ போடும் கேள்வி உன்னுடையது மட்டுமல்ல. நாளைக்கு இதே பிழையைத் தேடிக்கொண்டு வருகிறவருக்காகச் சேர்த்து வைக்கும் ஆவணம் அது. அவருக்கு உன் அவசரமோ, வணக்கமோ, லேப் டெஸ்ட்டோ தேவையில்லை, அதனால்தான் வெட்டினார்கள். படத்தில் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது. அதனால்தான் படம் போட்டால் மைனஸ் விழுகிறது. உன் ஆங்கிலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

'தேடிப் பார்த்தாயா' என்று கேட்டவர் கொஞ்சம் பதமாகக் கேட்டிருக்கலாம், அதை மறுக்கவில்லை. இப்படிப்பட்ட இடங்கள் புதியவர்களிடம் கடுமையாக இருக்கின்றன என்பது உன் கற்பனையும் இல்லை. தங்கள் தளம் புதியவர்களை வரவேற்கும் இடமாக இல்லை என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனமே 2018 ஏப்ரலில் வெளிப்படையாக எழுதியது. ஆனால் எழுத்தில் தொனி தெரியாது என்பதையும் நினைவில் வை. மின்னஞ்சலில் கேலியையும் கேலியில்லாததையும் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று ஜஸ்டின் க்ரூகர், நிகலஸ் எப்லி முதலானோர் 2005-ல் சோதித்துப் பார்த்தார்கள். எழுதியவர்கள் தங்கள் தொனி தெளிவாகப் போய்ச் சேரும் என்று உறுதியாக நம்பினார்கள். படித்தவர்களோ ஏறக்குறைய குருட்டாம்போக்கில்தான் கணித்தார்கள். அவர் சாதாரணமாகக் கேட்டது உன் காதில் இளக்காரமாக விழுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

அடுத்த முறை கேட்பதாக இருந்தால், ப்ரோக்ராமைப் புது ஃபைலில் சுருக்கு. பிழை இன்னும் வருகிறதா என்று ஓட்டிப் பார்த்துக்கொண்டே வெட்டு. 15, 20 வரிக்குள் கொண்டுவர முடியும். பாதி நேரம் இந்த வெட்டலிலேயே தப்பு எங்கே என்று தெரிந்துவிடும். பிழைச் செய்தியின் முதல் வரியையும், உன் ஃபைலின் பெயரும் வரி எண்ணும் வரும் வரியையும் எழுத்தாக ஒட்டு. என்ன எதிர்பார்த்தாய், என்ன வந்தது, எந்தப் பழைய பதிலைப் பார்த்தாய், அது ஏன் பொருந்தவில்லை: இவ்வளவு போதும். தலைப்பில் பிழையின் பெயர் இருக்கட்டும். மூடிய கேள்வியை அழிக்காதே. சில தளங்களில் அழித்த கேள்விகளும் உன் கணக்கில் குறையாக நிற்கும். திருத்தி எழுது. புதுக் கணக்கு வேண்டவே வேண்டாம், பழைய பழக்கம் அதற்கும் கூடவே வரும். ஹெல்ப்பர் பட்டம் போனதற்கு இரவு 2 மணிக்கு அழாதே. பெரும்பாலும் அது வராதவர்களின் பெயரை எடுக்கும் வழக்கமான வேலை. வேண்டுமானால் மாடரேட்டருக்கு இரண்டு வரி எழுதிக் கேள்.

இப்போது உன் வகுப்புக்கு வருவோம்.

கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சின்னக் கணினி விளையாட்டை வைத்துப் புறக்கணிப்பை ஆராய்ந்தார். திரையில் மூன்று பேர் பந்து போட்டு விளையாடுவார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் உனக்குப் பந்து போடுவதை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. முகம் தெரியாத இரண்டு பேர், சில நிமிடங்கள். அதற்கே மனம் சுருங்கிப்போகிறது. 2004-ல் வந்த ஆய்வு ஒன்றில், பந்து போடுவது வெறும் கணினிதான் என்று முன்பே சொல்லியும் வலித்தது. அப்படியிருக்க, தினமும் முகம் பார்க்கும் வகுப்பில், எல்லோரும் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து நிற்க, நீ மட்டும் தனியாக நின்றது பெரிய விஷயமில்லை என்று என்னிடம் சொல்லாதே. அந்த வலியை எழுத நீ துணியவில்லை. மைனஸ் 4-ஐ எழுதுவது சுலபமாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'தேடிப் பார்த்தாயா' என்று கேட்டவர் மேல் உனக்கு இத்தனை கோபம். 'மேலே ஸ்க்ரோல் பண்ணிப் பாரு' என்று நீ எழுதியது என்ன? அவருடைய ஒரு வரி உன்னைத் தூங்கவிடவில்லை. உன்னுடைய வரி எத்தனை பேரை உன்னிடமிருந்து விலக்கியது என்று எண்ணிப் பார்த்தாயா? அவர் பக்கத்திலாவது ஒரு நியாயம் இருந்தது, அது ஆவணம் சேர்க்கும் இடம். வகுப்பு வாட்ஸ்அப் குரூப் ஆவணம் சேர்க்கும் இடமில்லை. ரெகார்டு எப்போது என்று கேட்பவளுக்குத் தேதியும் வேண்டும், கூடவே தன்னைப் போல் முழிக்கிறவர் வேறு யாராவது உண்டா என்றும் தெரிய வேண்டும். பாத் செட் பண்ணத் தெரியாமல் கேட்பவன், முதலாம் ஆண்டில் மௌஸைப் பிடிக்கத் தயங்கிய உன் நிலையில்தான் இன்று நிற்கிறான். இணையத்தின் சட்டத்தை நீ வகுப்பில் அமல்படுத்தினாய். உன்னை மிச்சமாக நிற்கவைத்தது அழகான காரியம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்டால் வெட்டிவிடுகிற பெண்ணோடு ஒரு செமஸ்டர் முழுக்க உட்கார அவர்கள் பயந்திருப்பார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

'கோட் முழுக்க நான்தான் எழுதப் போகிறேன்' என்பதையும் பெருமையாக எடுத்துக்கொள்ளாதே. கோட் ஒருத்தி, பிபிடி ஒருத்தி, ரிப்போர்ட் ஒருத்தன், பைண்டிங் ஒருத்தன் என்று பிரிக்கும் டீம்கள் வைவாவில்தான் மாட்டிக்கொள்கின்றன. எக்ஸ்டர்னல் வந்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கும்போது மூன்று பேர் விழிப்பார்கள். உன்னை அவர்கள் நன்றியோடு நினைக்கமாட்டார்கள்.

ஜீன் லேவ் என்ற மானுடவியலாளர் 1970-களில் லைபீரியாவின் தையல் கடைகளில் தொழில் பழகுகிறவர்களைக் கவனித்தார். பழக வருபவர் முதலில் பொத்தான் தைப்பார், ஓரம் மடித்துத் தைப்பார். பிறகுதான் துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது. துணி வெட்டுவது கடைசி. பொத்தானைத் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம், துணியைத் தப்பாக வெட்டினால் போனது போனதுதான். ஆனாலும் முதல் நாளே அவர் கையில் இருப்பது விற்கப் போகும் உடுப்பு. உன் டீமில் வேலையைப் பிரிக்க இந்த முறை போதும். நூலக மேலாண்மை மாதிரி ப்ராஜெக்ட் என்று வைத்துக்கொள்: டேட்டாபேஸ் டேபிள்களின் அமைப்பைத் துணி வெட்டுவதாக நினை, அதை நான்கு பேரும் சேர்ந்து காகிதத்தில் போடுங்கள். பிறகு உறுப்பினர் படிவம் ஒருவர், புத்தகத் தேடல் ஒருவர், தாமதக் கட்டணக் கணக்கு ஒருவர். இணைக்கும் வேலை உன்னுடையது. கோடைச் சேர்ந்து எழுத உதவும் கிட்ஹப் தளத்தில் ஆளுக்கொரு ப்ராஞ்ச் (தனிப் பிரதி) போட்டு, எழுதியதைச் சேர்க்கும் முன் நீ பார்ப்பதற்காக புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பச் சொல். பார்க்கும்போது திருத்தத்தை நீயே எழுதிவிடாதே. எந்த வரி, ஏன் என்று மட்டும் எழுது, ஒரு தடவைக்கு இரண்டு குறைக்கு மேல் வேண்டாம். கை பரபரக்கும். லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொள்.

வகுப்பு குரூப்பில் இனி யாராவது பாத் பற்றிக் கேட்டால், பழைய மெசேஜையே ரிப்ளையாக இழுத்துப் போட்டு, கீழே 'வரலைன்னா லேப்ல பாக்கலாம்' என்று ஒரு வரி சேர். உனக்கு முழுசாகத் தெரியாத ஒன்றை, டேட்டாபேஸோ நெட்வொர்க்கோ, வகுப்பில் ஒருவரிடம் போய்க் கேள். இதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும்.

தூக்கம் வரவில்லை என்கிறாய். டிஸ்கார்டை வார இறுதிக்கு மாற்று. இரவு 11 மணிக்கு மேல் பதில் சொல்லும் கடமை யாரும் உனக்குத் தரவில்லை. இரண்டு வாரம் இப்படி இருந்தும் தூக்கம் பிடிக்கவில்லை என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண் 14416-க்குக் கூப்பிடு. 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். உங்கள் கல்லூரியிலும் ஆலோசகர் இருந்தால் போய்ப் பார்.

முதல் ரிவ்யூ தேதி நெருங்கும் முன் அந்த மூன்று பேரையும் கேன்டீனில் உட்காரவை. யாருக்கு எந்தப் பகுதி வேண்டும் என்று அவர்களையே கேள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை ஒரு வரி கோட்கூட எழுதாதே.