குட்டி கார், ரப்பர் அச்சு, அம்பாசிடர் கிரில் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எங்க அப்பச்சி வெளிநாட்டுல இருந்து வந்தப்ப கொண்டு வந்த ஒரு குட்டி கார் வீட்டு அலமாரியில கிடக்கு. சைஸுக்கு மீறின கனம். அடியில புரூக்லின் மாடல்ஸ்னு எழுதியிருக்கு. ஒரு பழைய சாமான் கடையில காட்டினேன், "பொம்மை காருதானே, முந்நூறு ரூபா தர்றேன்"ங்கிறாரு. குடுத்துடவா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: குடுத்துடாதீங்க தம்பி, முதல்ல காரை நல்லா திருப்பி அடியில பாருங்க, கனடான்னு இருக்கா இங்கிலாந்துன்னு இருக்கான்னு. கனடான்னு இருந்தா அது ஆரம்ப காலத்து சரக்கு, அதைத் தேடி அலையுற ஆளுங்க இருக்காங்க. பெட்டி பத்திரமா இருந்தா இன்னும் நல்லது, பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தா ஆச்சி கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க, நம்ம ஊரு வீட்டுல எந்த அட்டைப்பெட்டியும் அவ்வளவு சீக்கிரம் குப்பைக்குப் போறதில்ல.

இந்தக் கம்பெனி கதை சுவாரசியமானது. ஜான் ஹால்னு ஒருத்தர் 1974ல கனடாவுல ஒன்டாரியோ பக்கம் புரூக்லின்ங்கிற சின்ன ஊர்ல, தன் வீட்டு பேஸ்மென்ட்ல உக்காந்து ஆரம்பிச்சது. ஊர் பேரையே கம்பெனிக்கு வச்சுட்டாரு. முதல் மாடலுக்கு அவர் எடுத்துக்கிட்ட கார் 1933 பியர்ஸ் ஆரோ சில்வர் ஆரோ, நிஜத்துலயே மொத்தம் அஞ்சு கார்தான் செஞ்சாங்க! அடுத்தது டக்கர்ங்கிற கம்பெனியோட 1948 கார், அது மொத்தமே 51. பெரிய பொம்மைக் கம்பெனிக்காரன் இதையெல்லாம் தொடவே மாட்டான், ஏன்னா அவனுக்கு லட்சக்கணக்குல விக்கிற கார் வேணும். அவன் விட்ட இடத்தை இவர் பிடிச்சாரு, என்னைக் கேட்டா மொத்த வியாபாரமும் அதுலதான் இருக்கு.

அது எப்படி கட்டுப்படி ஆச்சுன்னா, அச்சுதான் காரணம். பெரிய கம்பெனி டைகாஸ்ட் கார்னா ஸ்டீல் அச்சு வெட்டணும், அதுக்குள்ள துத்தநாகக் கலவையை பிரஷர்ல அடிக்கணும், அச்சுக்குப் போட்ட காசு திரும்பி வரணும்னா விடாம அடிச்சுத் தள்ளிக்கிட்டே இருக்கணும். புரூக்லின் மாதிரி ஆளுங்க செய்யுறது ஒயிட் மெட்டல். வெள்ளீயமும் ஈயமும் சேர்ந்த கலவை, லேசான சூட்டுலயே உருகிடும். முதல்ல ஒருத்தர் பித்தளையில கையால ஒரு மாஸ்டர், அதாவது மூல மாதிரி, செதுக்குவாரு, அதை வட்டமான ரப்பர் தட்டு ரெண்டுக்கு நடுவுல வச்சு சூடு பண்ணி அமுக்கினா ரப்பர்ல அச்சு விழும், அந்தத் தட்டை பஞ்சுமிட்டாய் மெஷின் மாதிரி சுத்தவிட்டு நடுவுல உருக்கின ஈயத்தை ஊத்துவாங்க, சுத்துற வேகத்துல அது ஓரத்துல இருக்கிற பள்ளத்துக்கெல்லாம் ஓடிப் போய் நிரம்பிடும். ஆறினதும் பிரிச்சு எடுத்து, ரெண்டு தட்டும் சேர்ற இடத்துல நிக்கிற பிசிறை அரம் போட்டுத் தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, பெயின்ட் அடிச்சு, பம்பர் விளக்கு எல்லாம் ஒண்ணொண்ணா ஒட்டணும். ரப்பர் அச்சு கொஞ்ச நாள்ல தேஞ்சு போயிடும், ஆனா மலிவு, மாஸ்டர் இருந்தா இன்னொண்ணு போட்டுக்கலாம். அதனால கொஞ்சமா செஞ்சாலும் நஷ்டம் இல்ல. உங்க கார் ஏன் அவ்வளவு கனம்னு இப்ப புரியுதா, உள்ள இருக்கிறது ஈயம் தம்பி.

1979ல ஜான் ஹால் கம்பெனியைத் தூக்கிக்கிட்டு இங்கிலாந்துல பாத் நகரத்துக்குப் போனாரு. அதே 1979லதான் லிவர்பூல்ல டிங்கிங்கிற பேர்ல பொம்மை கார் செஞ்ச மெக்கானோ ஃபேக்டரியை இழுத்து மூடினாங்க. 1982ல மேட்ச்பாக்ஸ் பொம்மை கார் செஞ்ச லெஸ்னி திவால், 1983ல கார்கி பொம்மை கார் செஞ்ச மெட்டாய் காலி. எலிசபெத் ராணி முடிசூட்டு வண்டி பொம்மையை 1953ல பத்து லட்சத்துக்கு மேல வித்த லெஸ்னி போயிடுச்சு, பேஸ்மென்ட்ல ஆரம்பிச்சவரு கடை ஓடுச்சு.

கேள்வி: மாடல் கார்ல 1:43னு போடுறாங்களே, 1:40, 1:50ன்னு முழுசா வைக்காம அது என்ன கணக்கு?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: 1:43ன்னா நிஜ காரோட நீளத்துல 43ல ஒரு பங்கு, அது ரயில்ல இருந்து வந்த கணக்கும்மா. டிங்கி காருங்க முதல்ல பொம்மை ரயில் பக்கத்துல வைக்கத்தான் வந்துச்சு. இங்கிலாந்துல ஓ கேஜ்ங்கிற சைஸ் பொம்மை ரயிலுக்கு, நிஜ ரயிலோட ஒரு அடிக்கு 7 மில்லிமீட்டர்னு அளவு, ஒரு அடி 304.8 மில்லிமீட்டர், வகுத்துப் பாருங்க, 43.5 வரும். நம்ம அம்பாசிடர் நீளம் 4.3 மீட்டர் சொச்சம், 1:43ல கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர்.

கேள்வி: அண்ணே, எங்க வீட்டுல பரம்பரையா மரச்சிற்ப வேலை. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. கானாடுகாத்தானுக்கு வர்ற டூரிஸ்ட்டுக்கு கையால செஞ்ச அம்பாசிடர் மாடல் விக்கலாம்னு ஐடியா. ஓடுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஓடும், ஆனா கடையில தொங்குற பிளாஸ்டிக் அம்பாசிடரோட விலையில மல்லுக்கு நின்னா ஒரே மாசத்துல கை சுட்டுக்கும். உங்க கார் கொஞ்சமா, நம்பர் போட்டு, ஒரு நாள் கூலியை ஒழுங்கா சேர்த்து விக்கணும். நம்ம ஆளுங்க கூலியைக் கணக்குல சேர்க்காம விலை சொல்றது ஒரு வியாதி.

ஆரம்பத்துலயே ஈயம் வேணாம், புகை கெடுதல். ரெசின்ல பண்ணுங்க, அது ஊத்தினா இறுகிப் போற பிளாஸ்டிக் மாதிரி திரவம், அதுக்கும் மாஸ்க் போட்டு காத்தோட்டமான இடத்துல. மாஸ்டரை நீங்களே மரத்துல செதுக்கலாம், தேக்கு வேணாம், ரேகை பெயின்டுக்கு மேல தெரியும், நெருங்கின ரேகை உள்ள மரமா எடுத்து பிரைமர் அடிச்சு அடிச்சு தேய்ங்க. அச்சு சிலிக்கான் ரப்பர்ல. ஒரு அச்சுல இருபது முப்பது காஸ்டிங் வந்தா சந்தோஷப்படுங்க, முதல்ல கிழியுறது சக்கரத்துக்கு மேல வளைவா இருக்கிற வீல் ஆர்ச் பக்கம்தான்.

எந்த அம்பாசிடர்னு முதல்ல முடிவு பண்ணிக்கணும். 1962ல வந்த மார்க் 2க்கு கட்டம் கட்டமா கிரில், அதுக்கு முன்னாடி உள்ள வண்டிக்கு அது கிடையாது. மார்க் 2 கிரிலை முதல் வண்டியில ஒட்டி வச்சீங்கன்னா விவரம் தெரிஞ்சவன் எடுத்துப் பாத்துட்டு அப்படியே கீழ வச்சுட்டுப் போயிடுவான். பம்பருக்கு குரோம் வேணும்னா, ரெசின்ல கரன்ட் பாயாது, நேரா முலாம் ஏறாது. குரோம் பேனா, ஃபாயில்னு சமாளிக்கலாம், இல்ல பம்பரை மட்டும் உலோகத்துல பண்ணுங்க. அலகப்பச் செட்டியார் நிலமும் பணமும் குடுத்து வந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உங்க ஊர்லயே இருக்கு, முலாம் பத்தி படிச்சவங்க நிறைய பேர் அக்கம்பக்கத்துலயே கிடைப்பாங்க, ஒரு டீ வாங்கிக் குடுத்துக் கேளுங்க.

இன்னொண்ணு, அம்பாசிடர்ங்கிற பேரை 2017ல இந்துஸ்தான் மோட்டார்ஸ் பியூஜோ கம்பெனிக்கு 80 கோடிக்கு வித்துட்டாங்க. அதனால பெட்டியில அந்தப் பேரைப் பெருசா போடுறதுக்கு முன்னாடி டிரேட்மார்க் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரைப் பாத்துடுங்க.

கேள்வி: ஐயா காலத்து டிங்கி கார் தானா வெடிப்பு விட்டு உதிருது. ஒட்டலாமா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: ஒட்டினாலும் நிக்காதுங்க. அந்தக் காலத்து துத்தநாகக் கலவையில கொஞ்சூண்டு ஈயம் கலந்துட்டா உள்ளயே அரிச்சு வெடிக்கும், இதுக்கு வைத்தியம் இல்ல. ஈரம் படாம, அதிகம் கை வைக்காம வச்சா மெதுவாப் போகும். ஒயிட் மெட்டல் காருக்கு இந்த நோய் வராது, ஆனா அடைச்ச மர அலமாரி ஆகாது, சில மரத்துல இருந்து வர்ற ஆசிட் ஆவி ஈயத்தை வெள்ளை வெள்ளையா பூக்க வச்சிடும். தேவகோட்டைத் தம்பி, நீங்களும் காரை வெளிய எடுத்து கண்ணாடி ஷோகேஸ்ல வச்சுடுங்க, சின்னப் புள்ளைங்க வாயில வைக்காத உயரத்துல.