டிசம்பர் மாதமும் லூக்காவும்

அன்புள்ள ஐயா,

டிசம்பர் பிறந்தாலே என் பிள்ளைகள் இருவரும் (ஏழு வயது, பத்து வயது) பரிசுப் பட்டியலோடு வந்து நிற்கிறார்கள். ஆராதனையில் உட்கார்ந்தாலும் அதே பேச்சு. இந்த வருஷம் பரிசே கிடையாது என்று சொல்லிவிடலாம் என்கிறார் கணவர். மரமும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் புறஜாதி வழக்கம், அதையும் நிறுத்து என்கிறார் மாமியார். என்ன செய்ய?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

மரத்தை வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. தாத்தாவுக்காக மாமியாரோடு சண்டை வேண்டாம்.

என்னைச் சுட்டது உங்கள் முதல் வரி. சில நாட்களாக மனதில் ஓடிக்கொண்டிருந்ததும் அதுதான். நம் வீடுகளில் பண்டிகை டிசம்பர் 1 அன்று தொடங்கி 25 இரவோடு செத்துவிடுகிறது. சபையின் காலண்டரோ நேர் எதிர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் காத்திருப்புக்கானவை, அட்வெந்து காலம். பண்டிகை தொடங்குவதே 25இல்தான். ஜனவரி 5 வரை பன்னிரண்டு நாள். காத்திருப்பை நாம் கைவிட்டோம், அந்த இடத்தில் கடைத்தெரு வந்து உட்கார்ந்துகொண்டது. இதில் பிள்ளைகள் மீது என்ன குற்றம்?

1839இல் ஹாம்பர்க்கில், ஏழைப் பிள்ளைகளின் காப்பகத்தை நடத்திய யோஹான் ஹின்ரிக் விகெர்ன், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டார். நாளுக்கு ஒன்றாக ஏற்றினார்கள். உங்களுக்கு நான்கு போதும், வாரத்துக்கு ஒன்று. முதல் வர்த்தி கடைசிவரை எரிய வேண்டும்: இரவுக்கு 15 நிமிடம் என்றால் 28 நாளில் ஏழு மணி நேரம். தடித்ததாக வாங்குங்கள். சுற்றி வைக்கும் பச்சை இலை காய்ந்தால் தீப்பிடிக்கும், ஞாயிறுதோறும் மாற்றுங்கள்.

அந்த 15 நிமிடத்தில் வேதாகமத்திலிருந்து லூக்கா சுவிசேஷத்தை வாசியுங்கள். 24 அதிகாரம், டிசம்பர் 24 வரை தேதிக்கு ஒன்று. முதல் அதிகாரம் 80 வசனம். பிள்ளைகள் அன்றே சோர்ந்துவிடுவார்கள். அதனால் 38ஆம் வசனம் வரை நவம்பர் 30 அன்றே முடித்துவிடுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாக வாசிக்க வேண்டாம். பாக்கி சேரச் சேர எல்லாமே நின்றுபோகும். அன்றைய தேதிக்குரியதைத் தொடருங்கள்.

ஏன் லூக்கா என்று கேட்பீர்கள். கடைகள் நிரம்பி வழியும் நாட்களில் என்ன வருகிறது பாருங்கள். 12ஆம் தேதி, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவன். 14, திருப்பி அழைக்க முடியாத ஏழைகளை விருந்துக்குக் கூப்பிடச் சொல்லும் இயேசு. 16, பணக்காரனின் வாசலில் கிடந்த ஏழை லாசரு. 18, ஆஸ்தியை விட மனமில்லாமல் துக்கப்பட்ட தலைவன். 19, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கும் வரிவசூல்காரன் சகேயு. பொருளாசையைப் பற்றி நீங்கள் தனியாகப் பிரசங்கம் செய்யவே வேண்டாம். 23இல் சிலுவை, 24இல் உயிர்த்தெழுதல். முன்னணையில் (மாட்டுத் தீவனத் தொட்டியில்) கிடக்கப்போகிற குழந்தை யார் என்று தெரிந்தபிறகுதான் பிள்ளைகள் 25ஆம் தேதிக்குள் நுழைவார்கள்.

ஆனால் 20ஆம் தேதி நீங்களும் கணவரும் கடைகளில் அலைந்துகொண்டிருந்தால் இவ்வளவும் வீண். வாங்க வேண்டியதை முதல் அட்வெந்து ஞாயிறுக்குள் வாங்கி முடியுங்கள்; அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். பரிசை நிறுத்தச் சொல்வது உங்கள் கணவருக்குச் சுலபம். தினமும் கால்மணி நேரம் போனை வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு உட்காருவாரா? அதை முதலில் கேளுங்கள்.

பரிசு கொடுங்கள், தாராளமாக. 25இல் ஒன்று போதும். ஜனவரி 6, எபிபானி, கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் (ஞானிகள்) குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுவந்ததை நினைக்கும் நாள். அன்று பிள்ளைகள் தங்களுடையதில் ஒன்றை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கட்டும். உடைந்ததும் அலுத்துப்போனதும் ஆகாது, இன்றும் ஆசையாகக் கையில் எடுப்பதாக இருக்க வேண்டும். எதைக் கொடுப்பது என்று அவர்களே முடிவுசெய்யட்டும், ஒருநாள் கூடுதலாக ஆனாலும் நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்காதீர்கள்.