பால்வாடியில் நாள் முழுக்க விளையாட்டுதான் நடக்கிறது. மூன்றரை வயதுப் பையன் அங்கே என்ன படிப்பான்?

பையன் ஆறு மாதமாகப் பால்வாடிக்குப் போகிறான், இன்னும் 'அ' எழுதத் தெரியவில்லை, அதே தெருவில் நர்சரிக்குப் போகிற பிள்ளை ஏ பி சி டி எழுதுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் 19 வருஷமாகப் பால்வாடி டீச்சர். வாசலில் நின்று இதை என்னிடம் கேட்காத தாய் தகப்பன் குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 'அ'. நீங்களே ஒரு தடவை மெதுவாக எழுதிப் பாருங்கள். சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நெடுக இறங்கும் கோடு. மூன்றரை வயது விரலுக்கு அது பெரிய வேலை. மணிக்கட்டில் இருக்கிற 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. இந்த வயதில் எலும்பாக இறுகத் தொடங்கியிருப்பது அதில் மூன்றோ நாலோதான். அந்தக் கையில் பென்சிலைத் திணித்தால் பிள்ளை முஷ்டி பிடித்து அழுத்தும், தாள் கிழியும், திட்டு விழும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு இடத்திலிருந்து எங்களிடம் ஒரு பிள்ளை வந்தாள். நோட்டைக் கண்டாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். அவளுக்கு நான் நோட்டே காட்டவில்லை. குளத்துக் களிமண்ணைப் பிசைந்து கொடுத்தேன். உருட்டினாள், கிள்ளினாள், நீளமாகத் திரித்துப் பாம்பு செய்தாள். புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாட்டிலுக்குள் போட்டாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கொட்டையைப் பிடிக்கிற அந்தப் பிடிதான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப் போகிறது. அப்புறம் தாம்பாளத்தில் ஆற்று மணலைப் பரப்பி, 'ட', 'ப' என்று நேர்கோட்டு எழுத்துகளை விரலால் இழுக்க விட்டேன். 'அ' வர முக்கால் வருஷம் ஆயிற்று. வந்த அன்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தாம்பாளத்தைக் காட்டினாள்.

எண்ணிக்கையும் அப்படித்தான். ஒன்று முதல் இருபது வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளையிடம், "அஞ்சு கொட்டை எடுத்துத் தா மக்கா" என்று கேளுங்கள். கை நிறைய அள்ளிக்கொண்டு வரும். அதுவரை அது பிள்ளைக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான். எங்கள் பால்வாடியில் சாப்பாட்டுத் தட்டு வைப்பது பிள்ளைகள் வேலை, ஆளுக்கு ஒரு தட்டு. ஒரு நாள் கடைசியில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தட்டு இல்லை. வைத்தவன் திகைத்து நின்றான். வரிசையின் தொடக்கத்துக்கு வந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே போனான். "டீச்சர், ஒண்ணு கொறையுது." கழித்தல் அவனுக்கு அங்கேதான் தொடங்கியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பஸ் விளையாட்டு. நீளக் கயிற்றின் இரண்டு முனையையும் முடிந்து, அதற்குள் ஏழெட்டுப் பேர். முன்னால் டிரைவர், பின்னால் கண்டக்டர், வேப்பிலைதான் டிக்கெட். திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகிற பஸ், ஏனென்றால் பிள்ளைகளுக்குத் தெரிந்தது அதுதான். ஒரு நாள் கண்டக்டர் பையன் பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, அடுத்து "அம்பை எறங்கு" என்று கத்திவிட்டான். நடுவில் நின்ற நாலு வயது நிறையாத பிள்ளை கயிற்றைப் பிடித்து இழுத்தாள். "ஏல, நிறுத்து. கல்லிடை வராம அம்பை எப்படி வரும்? நான் எறங்கணும்லா." அவளுடைய ஆச்சி வீடு கல்லிடைக்குறிச்சியில். மொத்த பஸ்ஸும் பின்னாலேயே நடந்து போய் அவளை இறக்கிவிட்டது. முன்னால், பின்னால், நடுவில், அடுத்து என்பதையெல்லாம் கரும்பலகையில் எழுதி எந்தப் பிள்ளைக்கு இப்படிப் புரியவைக்க முடியும்? கண்டக்டராகத் தன் முறை வரும்வரை காத்திருப்பதும் அதே கயிற்றுக்குள்தான் பழகுகிறது.

இது நானாகக் கண்டுபிடித்ததல்ல. மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் கையால் தொட்டுச் செய்கிற வேலைகள்தான் பாடம். 1939-ல் அவர் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நம் அங்கன்வாடிப் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. பல்லாங்குழியின் 14 குழியிலும் நம் ஆச்சிமார் சோழி போட்டு ஆடவைத்தார்களே, அதுவும் கணக்குதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாப் பால்வாடியிலும் இப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, சோறு போட்டு, தூங்கவைத்து அனுப்புகிற இடமும் உண்டு. எடை போடுவது, சத்துமாவுக் கணக்கு, பதிவேடு என்று எங்களுக்கு வேலை அதிகம்தான். ஆனாலும் அதைச் சாக்காகச் சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளையைச் சும்மா உட்காரவைப்பதை விளையாட்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதனால் ஒரு நாள் காலை பதினொரு மணிவாக்கில் போய் வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பிள்ளைகள் கையில் ஏதாவது இருக்கிறதா, அவர்களுக்குள் பேச்சு நடக்கிறதா, டீச்சர் அவர்களோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், பையனை அங்கேயே விடுங்கள். சாயங்காலம் "என்ன படிச்ச?" என்று கேட்க வேண்டாம். "யார் கூட வெளையாடுன, என்ன வெளையாட்டு?" என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கிறவரை செல்போனை எடுக்காமல் இருங்கள். ஒன்றாம் வகுப்புக்கு இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருக்கிறது.