ஊசியை மாற்றினால் போதுமா?

கேள்வி: அடையாறில் முதியோர் கிளினிக் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். நிர்வாகம் கைமாறியதிலிருந்து எதிலும் சிக்கனம். ஒரே இன்சுலின் பேனாவில் ஊசியை மட்டும் மாற்றிப் பலருக்கும் போடச் சொல்கிறார்கள். ஒரு நோயாளிக்கு எட்டே நிமிடம். எதில் விட்டுக்கொடுக்கலாம்?
- வாசகி, சென்னை-20

பதில்: பேனா விஷயத்தில் கூடவே கூடாது. போடும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் பேனாவில் மருந்து இருக்கும் கார்ட்ரிட்ஜுக்குள் ஏறிவிடலாம். அடுத்தவருக்கு ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரவ அது போதும். புது ஊசி அதைத் தடுக்காது. சிக்கனம்தான் முக்கியமென்றால் வயல் (இன்சுலின் குப்பி) வாங்கட்டும்; ஒவ்வொரு முறையும் புது சிரிஞ்ச். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். வயோதிகருக்கு அது உயிராபத்து. திறந்த தேதியை வயல் மேலேயே எழுதுங்கள். பெரும்பாலானவற்றுக்கு 28 நாள்தான்.

அவசரத்தில் அடிபடுவது பி.பி. பார்ப்பது. படியேறி வந்த கையோடு அளந்தாலும், பருத்த கையில் சின்னப் பட்டை கட்டினாலும் அளவு கூடுதலாகக் காட்டும். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், பெரியவர் ராத்திரி பாத்ரூமில் தலைசுற்றி விழுவார். வெளி நாற்காலியிலேயே ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள். அது உங்கள் எட்டில் சேராது. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 இறங்கினால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

குறைக்க வேண்டுமா? வழவழப்பான ஃபைலைக் குறைக்கட்டும், ஒரே விவரத்தை இரண்டு ரிஜிஸ்டரில் எழுதுவதை நிறுத்தட்டும். பேனா உத்தரவை மட்டும் ஈமெயிலில் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் தர அநேகமாக யாரும் முன்வர மாட்டார்கள்.